வாயுவா, ஜன்னலா, கருவியா? புற ஊதா ஊடுருவல் அளவீட்டில் பிழை கண்டு நீக்கும் வழிமுறை

10 செ.மீ. நீள வாயு செல்லில் (இரு முனையிலும் ஜன்னல் வைத்த கண்ணாடிக் குழாய்) சுத்தமான நைட்ரஜனை நிரப்பி, செல் இல்லாத வெற்றுப் பாதையை 100 என்று வைத்து, 254 நானோமீட்டரில் (இனி நா.மீ.) ஊடுருவலை, அதாவது கடந்து வரும் ஒளியின் பங்கை, அளந்தால் எவ்வளவு காட்ட வேண்டும்? நைட்ரஜன் அங்கே எதையும் உறிஞ்சாது, ஆகவே 100 என்பார்கள் பலர். சரியான விடை 84 முதல் 85 விழுக்காடு. உருகு சிலிக்கா ஜன்னலின் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு ஜன்னலுக்கு நான்கு பரப்பு. 400 நா.மீ.யில் 86 முதல் 87 வரும், 200 நா.மீ.யில் 83 பக்கம் வரும். இந்த மூன்று எண்களையும் செல் வைக்கும் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவையுங்கள். கீழே சொல்லும் பெரும்பாலான சோதனைகள் இந்த எண்களிலிருந்தே தொடங்குகின்றன.

மதுரை வட்டாரக் கல்லூரி ஆய்வகங்களில் சாதாரணமாக இருக்கும் அமைப்பையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்: டியூட்டீரியம் விளக்குள்ள நிறமாலைமானி (ஒளியை அலைநீளம் வாரியாக அளக்கும் கருவி), உள்விட்டம் 22 மி.மீ. உள்ள 10 செ.மீ. செல் (கொள்ளளவு சுமார் 38 மி.லி.), இரண்டு ஸ்டாப்காக் (திருகி மூடும் வாயு அடைப்பான்), ஒரு நைட்ரஜன் சிலிண்டர். பாதரச விளக்கும் போட்டோடயோடும் வைத்துத் தாங்களே கட்டிய 254 நா.மீ. அமைப்புக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எதைத் துடைப்பதற்கும் முன்னால்

எண் சரியில்லை என்றதும் டிஷ்யூவைத் தேடுவது தவறு. துடைத்துவிட்டால் தடயமும் போய்விடும். முதலில் 190 முதல் 400 நா.மீ. வரை முழு நிறமாலையை ஓட்டிச் சேமியுங்கள். பிறகு மூன்று அளவீடு. செல் இல்லாமல் ஒன்று. செல்லைப் பம்ப் வைத்துக் காலிசெய்து ஒன்று. செல்லில் வாயுவை நிரப்பி ஒன்று.

செல் இல்லாதபோதே கோடு கோணலாக இருந்தால் குறை கருவியில். காலியான செல்லில் தெரிந்தால் ஜன்னலில். வாயு நிரம்பியபோது மட்டும் தெரிந்தால் வாயுவில், அல்லது அதைக் கொண்டுவரும் குழாயில். சந்தேகம் தீரவில்லையென்றால் வாயுவின் அழுத்தத்தைப் பாதியாக்குங்கள். வாயு தந்த உறிஞ்சளவு (மடக்கை அளவு: பத்தில் ஒரு பங்கு ஒளி கடந்தால் 1, நூறில் ஒரு பங்கு கடந்தால் 2) அப்படியே பாதியாகும். ஜன்னல் படலம் தந்த உறிஞ்சளவு இம்மியும் அசையாது. இந்த ஒரு சோதனை அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். கண்ணாடி செல்லை வெற்றிடமாக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். நுனியில் விரிசல் இருக்கும் செல்லைப் பம்பில் மாட்டவே கூடாது.

குறி: வெற்று செல் எல்லா அலைநீளத்திலும் ஒரே அளவு குறைவு

254இல் 84 வரவேண்டியது 71, 400இல் 86 வரவேண்டியது 73 என்று மொத்தக் கோடும் தாழ்ந்திருந்தால், அது வேதிப்பொருளாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒளிக்கற்றை செல்லின் ஓரத்தில் இடிக்கிறது. கருவியை 550 நா.மீ.க்கு மாற்றி, ஒளி வரும் குறுகிய பிளவை அகலமாக வைத்து, அறை விளக்கை அணைத்து, செல்லின் பின்பக்கம் ஒரு வெள்ளை அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். பச்சையாக ஒரு சிறு செவ்வகம் விழும். அதன் நான்கு ஓரமும் நேராக இருந்தால் சரி. ஒரு பக்கம் வில்லாக வெட்டுப்பட்டிருந்தால் செல் குழாயின் விளிம்பு அங்கே மறைக்கிறது. தாங்கியின் அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்துங்கள், அல்லது பக்கவாட்டில் நகர்த்துங்கள். செல்லை எடுத்து மறுபடி ஐந்து முறை வைத்துப் பாருங்கள். அரை விழுக்காட்டுக்கு மேல் எண் ஆடினால் தாங்கி தளர்ந்திருக்கிறது.

கற்றை நடுவில் போயும் குறைந்தால், தூசு. ஆடிக் காற்றில் நாகமலை அடிவாரத்திலும் மேலூர் பக்கத்திலும் ஜன்னலைத் திறந்துவைத்த அறையில் ஒரே நாளில் படிந்துவிடும். இந்தத் தூசில் குவார்ட்ஸ் மணல் உண்டு. அது உருகு சிலிக்காவைவிடக் கடினமானது. உலர்ந்த துணியால் ஒரு முறை தேய்த்தாலே நிரந்தரக் கீறல் விழும். முதலில் ரப்பர் ஊதுபந்தால் ஊதுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரைத் தாராளமாக ஓடவிடுங்கள். துடைப்பது அதற்குப் பிறகுதான். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி தூசைவிட மோசம். போர்வெல் தண்ணீரும் வேண்டாம். இந்த ஊர்க் கடினநீர் காய்ந்தால் சுண்ணாம்புத் திட்டு நிற்கும், அதை எடுக்க நீர்த்த அமிலம் தேவைப்படும்.

குறி: 300 நா.மீ. வரை சரி, அதற்குக் கீழே கோடு சரிகிறது

சரிவு செங்குத்தா, சாய்வா என்று பாருங்கள். 300க்கு அருகே சுவர் போல விழுந்தால் ஜன்னல் போரோசிலிகேட் கண்ணாடி. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் மாற்றி ஒட்டியிருப்பார்கள். 210, 220 பக்கம் விழுந்தால் தரம் குறைந்த இயற்கை குவார்ட்ஸ். இரண்டுக்கும் துடைப்பதால் பயனில்லை, ஜன்னலை மாற்றியாக வேண்டும்.

மெல்லச் சாய்ந்து 230க்குக் கீழே வேகமாக இறங்கினால் ஜன்னலில் கரிமப் படலம். கைரேகை, தேங்காய் எண்ணெய், பம்ப் எண்ணெய், க்ரீஸ் எல்லாம் இந்த வடிவத்தைத்தான் தரும். செல்லை 180 பாகை சுழற்றி வைத்து மறுபடி ஓட்டுங்கள். எண் மாறினால் படலம் திட்டுத்திட்டாக இருக்கிறது.

குறி: விளக்கு எரிய எரிய ஜன்னல் இருளடைகிறது

இதைத்தான் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். காலையில் 84 காட்டிய செல் மாலையில் 81, மறுநாள் 79. துடைத்தால் கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். வாயுவில் ஆவியாக மிதக்கும் எண்ணெயும் சிலிகோனும் ஜன்னலில் லேசாக ஒட்டும். சாதாரணமாக அவை வந்த வழியே போய்விடும். புற ஊதா பட்ட இடத்தில் மட்டும் அவற்றின் பிணைப்புகள் உடைந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான படலமாகிவிடும். ஆகவே கறை ஜன்னல் முழுவதும் இருக்காது, ஒளிக்கற்றை விழும் செவ்வக அளவில் மட்டும் இருக்கும். ஜன்னலில் வாயால் ஆவி விட்டு, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். (துடைப்பதற்குச் சற்று முன்னால் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது.) பனிப்படலம் மற்ற இடத்தில் ஒரு மாதிரியும் அந்தச் செவ்வகத்தில் வேறு மாதிரியும் நிற்கும். அது தெரிந்துவிட்டால் வேறு காரணம் தேட வேண்டாம்.

துடைக்கும் முறை: பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை. லென்ஸ் டிஷ்யூவை மடித்து இடுக்கியால் பிடித்து, நிறமாலைத் தர மெத்தனால் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பு. அந்த டிஷ்யூ அத்தோடு குப்பைக்கு. வட்டமாகத் தேய்த்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. கையுறை விரலில் கரைப்பான் படக்கூடாது. கையுறையின் பிளாஸ்டிக் மென்மையாக்கி கரைந்து ஜன்னலுக்கு வந்துவிடும். ஜன்னல் எப்பாக்ஸியால் ஒட்டியதாக இருந்தால் கரைப்பானில் ஊறவைக்காதீர்கள்.

மெத்தனாலுக்கு மசியாத படலத்துக்கு, 185, 254 இரண்டு அலைநீளமும் தரும் ஓசோன் வகைப் பாதரச விளக்கின் கீழே சில மி.மீ. இடைவெளியில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். 185 காற்றிலிருந்து ஓசோனை உண்டாக்கும், 254 படலத்தின் பிணைப்பைத் தளர்த்தும், இரண்டும் சேர்ந்து ஹைட்ரோகார்பனைக் கரியமில வாயுவும் நீராவியுமாக்கி அனுப்பிவிடும். இதை மூடிய பெட்டிக்குள், வெளியேற்று விசிறியோடு செய்யுங்கள். கண்ணும் தோலும் அந்த ஒளியில் படவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. படலம் சிலிகோன் க்ரீஸ் என்றால் இந்த முறை காரியத்தைக் கெடுத்துவிடும். சிலிகோனிலுள்ள கரிமப் பகுதி எரிந்துபோய் சிலிக்கா மட்டும் மங்கலாக ஜன்னலோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டாப்காக்கில் சிலிகோன் க்ரீஸ் தடவிய செல்லை முதலில் ஹெக்சேனால் கழுவி, பிறகு மெத்தனாலால் துடைத்து, கடைசியில்தான் விளக்கின் கீழே வைக்க வேண்டும். க்ரீஸே வேண்டாத டெஃப்லான் ஸ்டாப்காக் வாங்குவது எங்கள் பரிந்துரை. ஒரு முறை செலவு, ஆனால் இந்தத் தலைவலியே இராது.

அடுத்து எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சுழல் பம்பை 0.1 மில்லிபாருக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டினால் அதன் எண்ணெய் ஆவி குழாய் வழியே திரும்பி வரும். மின்சாரம் போய்ப் பம்ப் நின்றால் எண்ணெயே ஏறிவிடும். இடையில் எண்ணெய் ஆவியைப் பிடித்துக்கொள்ளும் சியோலைட் பொறி வையுங்கள், அல்லது எண்ணெய் இல்லாத டயாஃப்ரம் பம்புக்கு மாறுங்கள். டயாஃப்ரம் பம்ப் 10 மில்லிபார் வரைதான் இறங்கும் என்று தயங்க வேண்டாம். 10 மில்லிபாருக்கு இறக்கி நைட்ரஜனை 1 பார் வரை நிரப்பினால் பழைய வாயு நூறில் ஒரு பங்காகும். மூன்று முறை செய்தால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பம்ப் இல்லாதவர்கள் தொடர்ந்து ஓடவிட்டே கழுவலாம். ஐந்து கொள்ளளவு ஓடினால் பழைய வாயு 0.7 விழுக்காடு மிஞ்சும், பத்து ஓடினால் 0.005 விழுக்காட்டுக்கும் குறைவு. 38 மி.லி. செல்லுக்கு நிமிடத்துக்கு 200 மி.லி. வீதம் இரண்டு நிமிடம் போதும்.

குறி: நைட்ரஜன் மட்டும் இருக்கும்போதும் மேடுகள்

உறிஞ்சளவுக் கோட்டில் மேடு இருக்கும் இடமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

275 பக்கம் அகலமான மொட்டை மேடு: அசிட்டோன். கண்ணாடிச் சாமான் கழுவிய அசிட்டோன் குழாயிலோ ஓ-ரிங்கிலோ (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தங்கியிருக்கிறது. 10 செ.மீ. செல்லில் 1000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 1000 பங்கு) அசிட்டோன் இருந்தால் ஊடுருவல் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகக் குறையும். அசிட்டோனால் கழுவிய எதையும் மறுபடி மெத்தனாலால் அலசி, நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்துங்கள்.

255 முதல் 270 வரை சீப்புப் பற்கள் போலக் கூர்மையான வரிசை: டொலுவீன், சைலீன் வகை. பக்கத்து அறையில் பெயின்ட் அடித்தாலோ தின்னர் திறந்திருந்தாலோ வரும்.

270 முதல் 280: பினாயில். கறுப்புப் பினாயிலில் ஃபீனால் வகைப் பொருள்கள் உண்டு. காலையில் தரை துடைத்த அறையில் கருவியின் மாதிரி அறை மூடி திறந்திருந்தால் முதல் ஒரு மணி நேர பேஸ்லைன் (ஒப்பிடுவதற்கான அடிப்படைக் கோடு) நம்பத்தகாதது. அந்த அறைக்கு வெறும் தண்ணீர் போதும் என்று துடைப்பவரிடம் காரணத்தோடு சொல்லிவையுங்கள்.

290 பக்கம் தாழ்வான அகல மேடு: கற்பூரம். ஆயுத பூஜையன்று ஆய்வகத்தில் கற்பூரமும் சாம்பிராணியும் ஏற்றுவது நம் வழக்கம். பூஜை நடக்கட்டும். கருவியின் மூடியைச் சாத்தி, செல்லின் இரண்டு ஸ்டாப்காக்கையும் மூடி, நைட்ரஜன் குழாயின் வாயைக் கட்டி, தட்டை அறை வாசலில் வைத்துக் காட்டுங்கள். சந்தனமும் குங்குமமும் கருவியின் வெளிக்கூட்டில் மட்டும்.

220க்குக் கீழே மிகப் பலமான உறிஞ்சல், கூடவே 260 முதல் 285 வரை சிறு மேடுகள்: அந்துருண்டை. நாஃப்தலீன் 25 பாகையில் காற்றில் நூறு பிபிஎம்முக்கு மேல் ஆவியாக நிற்கும், டெஃப்லானிலும் ரப்பரிலும் ஊறிக்கொள்ளும். மர பீரோவில் அந்துருண்டையோடு கிடந்த செல்லை எத்தனை முறை கழுவினாலும் மறுநாள் அதே மேடு திரும்ப வரும். ஓ-ரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவதே வழி. கண்ணாடிப் பகுதியை மட்டும் கழுவி, மிதமான சூட்டில் நைட்ரஜன் ஓடவிட்டு எடுங்கள்.

மேடு எதுவானாலும் மூலத்தை இப்படிப் பிரிக்கலாம்: சிலிண்டரிலிருந்து செல்லுக்கு ஒரு புதிய, குட்டையான டெஃப்லான் குழாயை நேரடியாக மாட்டுங்கள். மேடு மறைந்தால் பழைய குழாய்தான் காரணம். பிவிசி குழாயில் மென்மையாக்கி கசியும். சிலிகோன் ரப்பர் குழாய் ஆக்சிஜனையும் ஈரத்தையும் சல்லடை போல உள்ளே விடும். இரண்டையும் புற ஊதா வேலையில் வைக்கவே வேண்டாம்.

குறி: 254 நா.மீ. விளக்கு அமைப்பு உறிஞ்சல் காட்டுகிறது, நிறமாலைமானி ஒன்றும் காட்டவில்லை

பாதரச ஆவி. உடைந்த வெப்பமானியிலிருந்து மேசை இடுக்கில் உருண்டுபோன ஒரு மணி போதும். பாதரச அணு 253.7இல் மிக மிகக் குறுகிய ஒரு கோட்டில் மட்டும், ஆனால் மூர்க்கமாக உறிஞ்சும். பாதரச விளக்கு உமிழ்வதும் அதே கோடுதான், ஆகவே அந்த அமைப்பு முழு இழப்பையும் காணும். நிறமாலைமானியோ 1 அல்லது 2 நா.மீ. அகலத்துக்குச் சராசரி எடுக்கிறது, அதில் இந்தக் கோடு கரைந்துவிடும். ஓசோன் அளப்பவர்கள் இதை ஓசோன் என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. ஓசோன் 200 முதல் 300 வரை அகலமான மேடு, உச்சி 255 பக்கம். அது இரண்டு கருவியிலும் தெரிந்தாக வேண்டும்.

பாதரச மணிகளைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் இறுக மூடுங்கள். இடுக்குகளில் கந்தகப் பொடி தூவுங்கள். துடைப்பத்தால் பெருக்கவோ வேக்கம் கிளீனர் வைக்கவோ கூடாது, ஆவி அறை முழுக்கப் பரவும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

குறி: வெறும் காற்றிலேயே 255 பக்கம் மேடு மெல்ல உயர்கிறது

விளக்கே ஓசோன் செய்கிறது. 185 பக்கத்து ஒளியை வெளியே விடும் உறையுள்ள டியூட்டீரியம் அல்லது பாதரச விளக்கு, விளக்கறைக் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக்கும். காற்றோட்டம் அடைபட்டிருந்தால் அது ஒளிப்பாதைக்குக் கசியும். மூடியைத் திறந்ததும் சுள்ளென்ற வாடை வரும். விசிறி ஓடுகிறதா, வடிகட்டியில் தூசு அடைத்திருக்கிறதா பாருங்கள். 254 மட்டும் போதுமென்றால் ஓசோன் உண்டாக்காத உறையுள்ள விளக்கைப் போடுங்கள். 195க்குக் கீழே அளக்க வேண்டியிருந்தால் கருவியின் ஒளிப்பாதை முழுவதற்கும் நைட்ரஜன் ஓடியாக வேண்டும். அங்கே ஆக்சிஜனே உறிஞ்சத் தொடங்குகிறது, 190க்குக் கீழே நீராவியும் சேரும். அப்படி ஓட்டும்போது அறையை அடைத்துவைக்காதீர்கள். 7 கன மீட்டர் சிலிண்டர் ஒன்று முழுதும் பத்துக்குப் பத்து அடி மூடிய ஏசி அறையில் காலியானால் ஆக்சிஜன் 16 விழுக்காட்டுப் பக்கம் இறங்கிவிடும்.

குறி: ஸ்டாப்காக்கை மூடிய பின் எண் நகர்கிறது

எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே கேள்வி. உறிஞ்சளவு ஏறினால் உள்ளே ஏதோ ஆவி விடுகிறது: ஓ-ரிங், க்ரீஸ், ஊறிய குழாய். ஏற்றம் முதலில் வேகமாகவும் பிறகு தளர்ந்தும் போகும். உறிஞ்சளவு இறங்கினால், வெளிக்காற்று கசிந்து மாதிரியை நீர்க்கச் செய்கிறது, அல்லது மாதிரி சுவரில் அழிகிறது. 254இல் காற்று கண்ணுக்கே தெரியாது என்பதால் கசிவு தனி மேடாக வராது. பிரித்தறிய, அதே செல்லில் டொலுவீன் போன்ற சாதுவான ஆவியை நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். அதுவும் இறங்கினால் கசிவு. ஓசோன் மட்டும் இறங்கினால் சுவர். புதுக் குழாயும் அழுக்கான வடிகட்டியும் ஓசோனைத் தின்னும். சில மணி நேரம் ஓசோனை ஓடவிட்டுப் பழக்கிய பின்தான் அளவீடு. வெளியேறும் ஓசோனை மாங்கனீஸ் டை ஆக்சைடு வழியே விட்டு அழியுங்கள்.

குறி: ஐப்பசியில் மட்டும் வரும் கோளாறு

அடைமழை நாளில் ஏசி அறையில் 22 பாகைக்குக் குளிர்ந்த செல்லை வெளியே எடுத்தால் ஜன்னல் பனித்துவிடும். வெளிக்காற்றின் பனிநிலை (ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) அப்போது 23, 24 பாகையைத் தொடும். கோடு மொத்தமாகத் தாழும், ஐந்து நிமிடத்தில் தானே ஏறும். துடைக்காமல் காத்திருங்கள். சிலிகா ஜெல்லை வாரம் ஒரு முறை நிறம் பார்த்து, 120 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கி மீட்டெடுங்கள். அதன் பொடி செல்லுக்குள் போகாதபடி பின்னால் டெஃப்லான் வடிகட்டி அவசியம்.

அக்னி நட்சத்திரத்தில் வேறு தொல்லை. ஏசி இல்லாத அறை 38 பாகையாக இருந்தால், அதே அழுத்தத்தில் 25 பாகையைவிட 4 விழுக்காடு குறைவான மூலக்கூறுகள்தான் செல்லில் இருக்கும். கருவியில் குறையில்லை, கணக்கில் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சேர்க்கவில்லை. 25 பாகை, 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு பிபிஎம் ஓசோன் 10 செ.மீ. செல்லில் ஊடுருவலை 0.28 விழுக்காடுதான் குறைக்கும். பல பிபிஎம் இருக்கும்போது இந்த 4 விழுக்காடு நேராக விடையில் ஏறிவிடும்.

குறி: எண் துள்ளுகிறது, அல்லது ஒரே பக்கம் ஊர்கிறது

டியூட்டீரியம் விளக்குக்கு 30 நிமிடம், பாதரச விளக்குக்கு ஒரு மணி நேரம் சூடேற விடுங்கள். ஏசி காற்று பாதரச விளக்கில் நேராக அடித்தால் அதன் ஒளி ஆடும். ஒரு தடுப்பு வையுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் வீட்டு இன்வெர்ட்டர் போதாது, ஆன்லைன் யுபிஎஸ் வேண்டும். மின்சாரம் போய் வந்ததும் சூடான டியூட்டீரியம் விளக்கை உடனே போடாமல் ஆறவிட்டுப் போடுங்கள்.

குறி: செறிவைக் கூட்டினாலும் உறிஞ்சளவு 2க்கு மேல் ஏறவில்லை

சிதறொளி. வேண்டாத ஒளி ஒரு விழுக்காடு கசிந்தாலே உறிஞ்சளவு 2இல் நின்றுவிடும். லிட்டருக்கு 10 கிராம் சோடியம் அயோடைடு கரைத்து 1 செ.மீ. குவெட்டில் (திரவத்தை அளக்கும் சிறு சதுரக் குப்பி) 220 நா.மீ.யில் வையுங்கள். ஒளி ஏறத்தாழ முற்றிலும் நின்றுவிட வேண்டும். மிச்சம் காட்டுவது சிதறொளியின் அளவு. மூடியின் ரப்பர் விளிம்பு, குழாய் நுழையும் ஓட்டை, இரண்டையும் கறுப்புத் துணியால் மூடி மறுபடி பாருங்கள். எண் மாறாவிட்டால் உள்ளே கண்ணாடியிலோ கிரேட்டிங்கிலோ (ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரிக்கும் தகடு) அழுக்கு. கிரேட்டிங்கை யாரும் தொடக்கூடாது, ஊதுபந்தும் வேண்டாம். பழுது பார்ப்பவர் வரும்வரை குட்டையான செல்லை வைத்து உறிஞ்சளவு 1க்குள் வருமாறு அளந்துகொள்ளுங்கள்.